ஆறு எனக்கு, ஆறு அவளுக்கு

1

அறுவைக்கு முந்தைய நாள் காலையில் ஒரு மலாய்த் தாதி, கையில் படிவத்தோடு என் கட்டிலருகே வந்து நின்றாள். சர்க்கரை உண்டா, இரத்த அழுத்தம் உண்டா, பொய்ப்பல் உண்டா என்று வரிசையாகக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் என் மகள் கிரேஸ் பதில் சொன்னாள். என் மலாய் கடைத்தெரு மலாய் என்று அவளுக்கு எப்போதும் ஒரு கூச்சம்.

கடைசிக்கு முந்தைய கேள்வி இது: டாக்டர் கொடுக்கும் மருந்தை முழுதாகச் சாப்பிடுவீர்களா? உங்கள் மருந்தை எப்போதாவது வேறு யாருக்காவது கொடுத்திருக்கிறீர்களா?

"சே, இல்ல லா," என்று கிரேஸ் சிரித்தாள். "அப்பா தோட்டத்து ஆஸ்பத்திரில டிரசரா இருந்தவரு. மருந்து விஷயத்துல அம்மா ரொம்ப ஸ்டிரிக்ட்."

தாதி 'இல்லை' என்ற கட்டத்தில் ஒரு கோடு கிழித்தாள். நான் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அறுபத்தெட்டு வயது. நாற்பத்தைந்து வருஷமாக முடக்குவாதத்தோடு குடித்தனம் நடத்துகிறேன். மறுநாள் காலை என் வலது முழங்காலை அறுத்து உலோகம் வைக்கப்போகிறார்கள். அதைப் பற்றிக்கூட அவ்வளவு பயம் இல்லை. அந்தக் கோடுதான் நெஞ்சில் கிடந்து உறுத்தியது.

ஊரில் இருப்பவர்களுக்கு நான் எழுதும் கடிதங்களில் மழை, விலைவாசி, பேரப்பிள்ளைகளின் படிப்பு இவைதான் இருக்கும். இந்த ஒன்றை எழுதியதில்லை. இப்போது எழுதலாம். என் கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். கிரேஸுக்குத் தமிழ் பேசத்தான் வரும், வாசிக்க வராது.

2

பாளையங்கோட்டையில் ஆசிரியப் பயிற்சி முடித்த கையோடு எனக்குக் கல்யாணம். என் கணவர் சாமுவேல், பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரசர். டாக்டர் பதினைந்து நாளைக்கு ஒருமுறை வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் ஊசி, கட்டு, மருந்து, பிரசவம் வரைக்கும் இவர்தான். எனக்குத் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் வேலை கிடைத்தது. நாசரேத்திலிருந்து என் தங்கை எழுதினாள்: "அக்கா, நீ மலேயாவில் ராணி மாதிரி இருப்பாய்."

இந்த ராணி வந்திறங்கும்போது அவசரகாலம் தொடங்கிவிட்டிருந்தது. வெள்ளைக்கார ஆட்சியை எதிர்த்துத் துப்பாக்கி எடுத்த கம்யூனிஸ்டுகள் காட்டுக்குள் இருந்தார்கள். தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி போட்டார்கள். லயம் என்ற வரிசை வீடுகளில் இருந்த ஜனங்கள் ரப்பர்ப் பாலுக்கு மரம் வெட்டப் போகும்போது ஒரு கவளம் சோறுகூடக் கொண்டுபோகக் கூடாது. சோறு காட்டுக்குப் போய்விடும் என்று பயம். சோற்றுக்கு மேல் ஒரு பயம், மருந்து. அனுமதிச் சீட்டு இல்லாமல் ஒரு மாத்திரைகூட வாசலைத் தாண்டக் கூடாது.

நான் போய் இரண்டாம் வருஷம், ஒரு காலையில் சாக்கட்டியைப் பிடிக்க முடியவில்லை. விரல் கணுக்கள் புடைத்துச் சூடாக இருந்தன. ஒரு மாதத்தில் மணிக்கட்டு, பிறகு முழங்கால். எழுந்ததும் உடம்பு முழுக்கக் கட்டை. பத்து மணிக்கு மேல்தான் கொஞ்சம் இளகும். பிள்ளைகளை எழுதச் சொல்லிவிட்டு நான் கரும்பலகை முன்னால் சும்மா நிற்பேன்.

டாக்டர் பார்த்தார். முடக்குவாதம் என்றார். நாளைக்குப் பன்னிரண்டு ஆஸ்பிரின். காது இரையும்வரை சாப்பிடு, இரைந்தால் குறை. அதைத் தவிர அன்றைக்கு வேறு வைத்தியம் இல்லை. சனிக்கிழமை தோறும் என் கணவர் ஒரு வாரத்துக்கு உண்டானதை எண்ணி, தகர டப்பாவில் போட்டு, புத்தகத்தில் பதிந்து, வேற்று நோயாளிக்குக் கொடுப்பதுபோல என்னிடம் கொடுப்பார். அப்படி ஒரு மனிதர். வீட்டில் தலைவலி என்றால்கூட ஆஸ்பத்திரிக்கு வந்து வரிசையில் நில் என்பார்.

பன்னிரண்டும் சாப்பிட்ட மாதங்களில் நான் ஓரளவு மனுஷியாக இருந்தேன். அப்போதுதான் ஆ லானைச் சந்தித்தேன்.

அவள் தோட்டத்து எல்லைக்கு வெளியே கீரையும் முள்ளங்கியும் போட்டு விற்ற சீனத்தி. என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவளாக இருப்பாள். காட்டோரம் இருந்த சீனர்களையெல்லாம் கம்பி போட்ட புதுக்கிராமத்துக்குள் கொண்டுபோய் வைத்தபோது அவளையும் வைத்தார்கள். சனிக்கிழமை காலையில் மட்டும் பத்தாங் பெர்ஜுந்தாய்ச் சந்தைக்கு வருவாள். ஒருநாள் அவளிடம் கீரை வாங்கினேன். அவள் கீரைக்கட்டை விரல்களால் பிடிக்காமல் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து நீட்டினாள். நானும் அப்படியே இரண்டு உள்ளங்கையால் வாங்கினேன். இருவரும் ஒரே நேரத்தில் கீரையை விட்டுவிட்டுக் கையைப் பார்த்தோம். அவள் தன் கையை என் கைக்குப் பக்கத்தில் வைத்தாள். அதே வீக்கம், சுண்டு விரல் பக்கமாக அதே சாய்வு. அவள் வாய்விட்டுச் சிரித்தாள். எனக்கு அழுகை வந்தது.

அவளுக்கு மருந்து கிடையாது. ஏதோ வேரை அரைத்துக் கட்டியிருந்தாள். அடுத்த சனிக்கிழமை டப்பாவைப் பிரித்தேன். ஆறு எனக்கு, ஆறு அவளுக்கு என்று ஏழு நாள் கணக்குப் போட்டு நாற்பத்திரண்டைக் காகிதத்தில் மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு போனேன்.

யோசித்தேனா? யோசிக்கவில்லை. அவளுக்கு ஒரு மகன் உண்டு, இரண்டு வருஷமாக வீட்டில் இல்லை என்பது எனக்குத் தெரியும். எங்கே இருக்கிறான் என்று நான் கேட்கவில்லை. அந்த நாட்களில் அந்தக் கேள்வியை யாரும் யாரிடமும் கேட்க மாட்டார்கள்.

3

இப்போது அறுவை முடிந்து ஆறு வாரம். கோலசிலாங்கூரில் கிரேஸின் வீட்டு முன்னறையில் என் கட்டில். தினமும் பதினொரு மணிக்குப் பயிற்சி கொடுக்கும் பெண் வருகிறாள். என் குதிகாலை உருட்டித் தள்ளி முழங்காலை மடக்கிவிட்டு, பாகைமானி போன்ற ஒன்றை வைத்து அளக்கிறாள். "லாகி சிக்கிட், மக்சிக்" என்கிறாள். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம். எழுபத்தைந்து. எண்பது. நான் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு யேசுவை விளிக்கிறேன். அவளும் பாவம், தன் பங்குக்கு அல்லாவை விளிக்கிறாள்.

உட்கார முடியவில்லை. நின்றால் கிரேஸ் அதட்டுகிறாள். நாலு கால் ஊன்றுகோலைத் தள்ளிக்கொண்டு கூடத்துக்கும் அடுக்களைக்கும் நடக்கிறேன். மெல்பர்னிலிருந்து பேரன் பேசினான். "பாட்டி, யூ ஆர் பயோனிக் நவ்" என்றான். பாதி மனுஷி, பாதி இயந்திரம் என்று அர்த்தம் கிரேஸ்தான் சொன்னாள். நான் சிரித்தேன். அவன் வைத்துவிட்ட பிறகுதான் சிரித்தேன்.

அறுவை செய்த டாக்டர் தமிழ்ப் பையன். படத்தை வெளிச்சத்தில் பிடித்து, "ஆரம்பத்துல சரியா மருந்து சாப்பிட்டு, காலை நீட்டி மடக்கி வச்சிருந்தீங்கன்னா இவ்வளவு மோசம் ஆகியிருக்காது ஆண்ட்டி," என்றார். பிறகு, "ஆகியும் இருக்கலாம். சொல்ல முடியாது," என்றார். அந்த இரண்டு வாக்கியத்துக்கும் நடுவில்தான் நான் ஆறு வாரமாக நடந்துகொண்டிருக்கிறேன்.

4

ஏழெட்டு மாதம் அப்படிக் கொடுத்திருப்பேன். என் பங்கு ஆறாகக் குறைந்ததும் முழங்கால் மடங்கியே இருக்க ஆரம்பித்தது. என் கணவர் டாக்டரிடம், மருந்து பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று சொல்லி வருத்தப்பட்டார். அடுத்த சனிக்கிழமையும் நான் நாற்பத்திரண்டை எண்ணி மடித்தேன்.

தோட்டத்து வாசலில் பெண்களைச் சோதிக்க ஒரு பெண்ணை வைத்திருந்தார்கள். அஞ்சலை என்று பெயர். அவள் மகள் என் வகுப்பில் படித்தாள். வழக்கமாக என்னைத் தொடமாட்டாள், போங்க டீச்சரம்மா என்று கையைக் காட்டுவாள். அந்தச் சனிக்கிழமை அவளுக்குப் பின்னால் வெள்ளைக்கார அதிகாரி நின்றுகொண்டிருந்தார்.

"டீச்சரம்மா, கோவிச்சுக்காதீங்க லா. தொரை பாக்கறாரு," என்று முணுமுணுத்துக்கொண்டே தடவினாள். முந்தானை முடிச்சில் அவள் கை நின்றது. ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தாள். அவளால் மறைக்க முடிந்திருக்காது.

லோரியில் ஏற்றி போலீஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். ஏற முடியாமல் நான் நின்றேன். இரண்டு காவலர்கள் அக்குளில் கைகொடுத்துத் தூக்கிப் போட்டார்கள்.

எனக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டி வாசிக்க வரும். அந்த அதிகாரி பேசியது காதில் ஏறவில்லை. மொழிபெயர்க்க ஒரு பஞ்சாபிப் போலீஸ் சார்ஜன் உட்கார்ந்திருந்தார், தமிழைக் கடைத்தெருவில் கற்றவர்.

"இது எதுக்கு?"

"மூட்டுக்குங்க ஐயா."

"எதுக்கு?"

"மூட்டு. மூட்டுக்காகத்தான் வச்சிருக்கேன்."

சார்ஜன் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். உடனே இரண்டு காவலர்கள் வண்டி எடுத்துக்கொண்டு போனார்கள். ஒரு மணி நேரம் கழித்து அவர்கள் திரும்பி வந்தபோது எங்கள் வீட்டு ரேஷன் அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அதிகாரி சட்டைக் கையை மடித்துக்கொண்டு, முழங்கை வரை அரிசிக்குள் விட்டுத் துழாவினார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. மூட்டு, சார்ஜன் வாயில் மூட்டையாகிப் போயிருந்தது. மாத்திரையெல்லாம் மூட்டைக்குள் வைத்திருப்பதாக நானே ஒப்புக்கொண்டேனாம்.

அரிசியோடு வீட்டிலிருந்த டப்பாவையும் கொண்டுவந்திருந்தார்கள். அதில் மீதி நாற்பத்திரண்டு. பின்னாலேயே என் கணவரையும் அழைத்து வந்தார்கள். அவர் ஆஸ்பத்திரி வெள்ளைக் கோட்டோடு, மருந்துப் புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தார். தரையில் கொட்டியிருந்த அரிசியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தன் முழங்காலைத் தட்டிக் காட்டி இங்கிலீஷில் விளக்கினார். சார்ஜன் தாடியைத் தடவிக்கொண்டார். அதிகாரிக்குச் சிரிப்பு வந்தது, உடனே நின்றுவிட்டது. புத்தகத்தையும் டப்பாவையும் ஒத்துப் பார்த்தார். எண்ணிக்கை சரியாக இருந்தது.

"சரி. பாதியை ஏன் வெளிய கொண்டுட்டுப் போறே?" என்று சார்ஜன் மூலமாகக் கேட்டார்.

விசாரணை இல்லாமலே வருஷக்கணக்கில் உள்ளே வைக்கலாம், அப்போது சட்டம் அப்படி. ஆ லான் பெயரைச் சொன்னால் நாங்கள் வீட்டுக்குப் போகலாம். அவளைக் கப்பலேற்றிச் சீனாவுக்கு அனுப்புவார்கள், அல்லது அதைவிட மோசமாக ஏதாவது செய்வார்கள். சொல்லாவிட்டால் தோட்டத்து மருந்துக்குப் பொறுப்பான டிரசரின் மனைவி நான், பழி அவர்மேலும் விழும்.

"கோலசிலாங்கூர்ல சிநேகிதி வீட்டுக்குப் போறேன். மூணு நாலு நாள் தங்குவேன். அதுக்குத்தான் பாதி," என்றேன்.

அதிகாரி என் கணவரின் பக்கம் திரும்பினார். அந்தக் கேள்விக்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. உங்களுக்குத் தெரியுமா?

கோலசிலாங்கூரில் எனக்குச் சிநேகிதி யாரும் இல்லை. அது அவருக்குத் தெரியும். என் கணவர் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. எனக்குக் காது இரைந்தது. மாத்திரையால் அல்ல.

"யெஸ் சார்," என்றார். "ஷி டோல்ட் மீ."

5

வீட்டுக்கு வந்தோம். அவர் எதுவும் கேட்கவில்லை. ஒவ்வொரு சாயங்காலமும் சத்தமாகக் குடும்ப ஜெபம் செய்கிறவர், அன்றிலிருந்து உதடு மட்டும் அசைய ஜெபித்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த உதடுகளைப் பார்த்துக்கொண்டு எதிரில் முட்டிக்கால் போடவும் முடியாமல், நாற்காலியில் உட்காரவும் கூசி, சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

என் மாத்திரைக்கு உத்தரவு போட்டார்கள். டப்பா கிடையாது. மூன்று வேளையும் ஆஸ்பத்திரிக்குப் போய்க் காவலர் முன்னால் விழுங்க வேண்டும். அப்படியாகப் பன்னிரண்டும் என் வயிற்றுக்குள் போயின. இரண்டு மாதத்தில் வீக்கம் வடிந்தது. நன்றாக நடக்கிறீர்களே என்று எல்லோரும் சொன்னார்கள். நன்றாக நடந்த ஒவ்வொரு அடியும் எனக்கு முள்ளாக இருந்தது. சந்தையில் ஆ லான் இல்லை. ஒரு வாரம் பார்த்தேன், நாலு வாரம் பார்த்தேன்.

ஒரு சனிக்கிழமை வெறுங்கையோடு புதுக்கிராமத்துக்கே போனேன். கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கூப்பிட்டனுப்பினேன். ஒரு மரப்பெட்டியைத் தள்ளிக்கொண்டு, அதன்மேல் சாய்ந்து சாய்ந்து வந்தாள். கை இரண்டும் பறவைக் கால் மாதிரி சுருங்கியிருந்தன.

என்னிடம் இருந்த மலாயில் கேட்டுவிட்டேன். இத்தனை மாதம் கேட்காத கேள்வி அது. அந்த மருந்து யாருக்கு? உனக்கா, மகனுக்கா?

அவள் காவல் கோபுரத்தைப் பார்த்தாள். பிறகு கையைப் பக்கவாட்டில் வைத்து, குறுக்கே வெட்டுவதுபோலக் காட்டினாள்.

"செப்பாரோ," என்றாள். பாதி. "அவனுக்குக் காய்ச்சல். குளிர். ஒருநாள் விட்டு ஒருநாள்."

கோபம் வர வேண்டும் என்று நின்று பார்த்தேன். இவளால் என் கணவர் சிறைக்குப் போயிருப்பார். என் பங்கில் பாதியை நான் இவளுக்குக் கொடுத்தேன், இவள் பங்கில் பாதியை இவள் அவனுக்குக் கொடுத்தாள். எந்த இடத்தில் நிறுத்தி நான் கோபப்படுவது?

மறுநாள் ஞாயிறு. ஆராதனை முடிந்து வந்து சாப்பிட்ட பிறகு என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கையிலிருந்த தண்ணீர் டம்ளரைக் கீழே வைக்கவில்லை. நான் சொல்லி முடிக்கும்வரை பிடித்துக்கொண்டே இருந்தார்.

"இத ஏன் இப்ப எங்கிட்ட சொல்லுத?" என்றார். "தெரியாம இருந்தேன். ஒரு பொய்யோட போயிருக்கும். இப்பத் தெரிஞ்சுட்டுல்லா?"

"தாங்க முடியல."

"உனக்குத் தாங்க முடியல, அதனால எனக்கும் பாதி தந்துட்ட."

எழுந்து வெளியே போனார். முற்றத்தில் வெயிலில் நின்றார். கால் மணி நேரம் இருக்கும். திரும்பி வந்து வாசற்படியில் நின்றபடியே கேட்டார்.

"காய்ச்சல் ஒருநாள் விட்டு ஒருநாள்னா சொன்னா?"

"ஆமா."

"அப்ப அது மலேரியா. ஆஸ்பிரின் என்னத்தச் செய்யும்? வேத்துப்போகும், மறுபடி வரும். அந்தப் பையன் செத்துருவான்."

6

அவர் கடிதம் எழுத ஆரம்பித்தார். புதுக்கிராமத்தில் ஆஸ்பத்திரி இல்லை, அங்கே தொற்று வந்தால் தோட்டத்துக்கும் வரும், வாரம் ஒருநாள் இரண்டு மணி நேரம் நான் போய் மருந்து கொடுக்கிறேன் என்று தோட்டத்துத் துரைக்கு எழுதினார். துரை மாவட்ட அதிகாரிக்கு அனுப்பினார். மாவட்ட அதிகாரி போலீசுக்கு அனுப்பினார். எந்தப் படிவம் என்று கேட்டு ஒருமுறை திரும்பி வந்தது. மூன்று பிரதி வேண்டும் என்று ஒருமுறை வந்தது. என் விரல்கள் மருந்தின் புண்ணியத்தில் அப்போது இளகியிருந்தன. மூன்று பிரதியும் நானே எழுதினேன்.

அனுமதி வந்தது, ஒரு நிபந்தனையோடு. மாத்திரை எல்லாவற்றையும் அங்கேயே விழுங்க வேண்டும். ஒன்றுகூட வீட்டுக்குப் போகக் கூடாது. பக்கத்தில் காவலர் நிற்பார்.

முதல் சனிக்கிழமை உதவிக்கு என்னையும் அழைத்துப் போனார். வேலிக்குள் ஒரு தகரக் கொட்டகை, ஒரு மேசை. வரிசை நீண்டிருந்தது. ஆ லான் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றாள். என் கணவர் அவள் கையைப் பிடித்துப் பார்த்தார். மணிக்கட்டை மெல்ல அசைத்தார். காகிதத்தில் மாத்திரைகளை எண்ணி வைத்தார். நான் குனிந்து பார்த்தேன். வெள்ளையாக நாலு, மஞ்சளாக இரண்டு.

மஞ்சள் மாத்திரை மூட்டுக்குக் கொடுப்பதில்லை. அது மலேரியாவுக்கு.

அவள் அந்த மஞ்சளைப் பார்த்தாள். என் கணவரின் முகத்தைப் பார்த்தாள். அவர் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். காகிதத்தை வாய்க்குக் கொண்டுபோனாள், தண்ணீர் குடித்தாள், வாயைத் திறந்து காவலருக்குக் காட்டினாள். வலது கை மார்போடு மூடியிருந்தது.

"புக்கா தாங்கான்," என்றார் காவலர். கையைத் திற.

அவள் திறக்கவில்லை. அவர் ஓரடி முன்னால் வந்தார்.

எனக்கு எங்கிருந்து அந்தச் சத்தம் வந்தது என்று தெரியவில்லை. "தாக் போலே!" என்று கத்தினேன். முடியாது. "சாகிட், நோவு. எனக்கும் இதே நோவு. பாருங்க, எனக்கும் விரியாது." என் கையை அவர் முகத்துக்கு நேராக நீட்டினேன். அப்போது என் விரல்கள் ஓரளவு விரியும். நான் விரிக்கவில்லை.

காவலர் சின்ன வயசுக்காரர். என் கையைப் பார்த்தார், அவள் கையைப் பார்த்தார். அருவருப்போ இரக்கமோ, முகத்தைத் திருப்பிக்கொண்டு போ என்று சொன்னார்.

ஆ லான் பெட்டியை முழங்கையால் தள்ளிக்கொண்டு போனாள். என் கணவர் புத்தகத்தில், 'ஆறு. விழுங்கினார்' என்று எழுதினார். அவர் கையெழுத்து எப்போதும்போல அழகாகத்தான் இருந்தது. பேனாவை எடுத்துவிட்டு, "அடுத்தது யாரு?" என்றார்.

அன்று சாயங்காலம் அவர் வாய்விட்டு ஜெபித்தார். மன்னிப்புக் கேட்டாரா, நன்றி சொன்னாரா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

பதினொரு சனிக்கிழமை அவள் வந்தாள். பன்னிரண்டாவது வாரம் அவள் வீடு பூட்டியிருந்தது. மகன் சரணடைந்துவிட்டான், குடும்பத்தை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள் என்று ஒருத்தி சொன்னாள். இல்லை, கப்பலேற்றி அனுப்பிவிட்டார்கள் என்று இன்னொருத்தி சொன்னாள். இவர் யாரிடமும் விசாரிக்கவில்லை. விசாரித்தால் ஏன் என்று கேட்பார்கள். சரணடைந்தான் என்று சொன்னவளைத்தான் நாங்கள் நம்பினோம். நடக்கக்கூடிய நிலையில் அவன் வெளியே வந்திருக்கிறான் என்று அர்த்தம்.

இன்று காலை முழங்கால் தொண்ணூறு பாகை மடங்கியது. பயிற்சிப் பெண் கைதட்டினாள். கிரேஸ் கேக் வாங்கி வந்தாள். அடுத்த வருஷம் இடது காலையும் மாற்றிவிடலாம் என்கிறார் டாக்டர். நான் சரி என்றேன். கேக் தின்ன உட்காரப் பிடிக்கவில்லை. கூடத்தில் நடந்துகொண்டே இருக்கிறேன். ஆ லான் இருந்தால் அவளுக்கு எண்பத்து மூன்று நடக்கும். எந்த நாட்டில், எதன்மேல் சாய்ந்து நடக்கிறாளோ.